ஒலிபெருக்கி பழுதான நாளில் நன்றாக அமைந்த கோள்மண்டலம்

பல்கலைக்கழகம் ஒன்றின் பௌதிகவியல் துறையைச் சேர்ந்தவர்கள் நடத்துகின்ற நடமாடும் கோள்மண்டலத்தை (கோளரங்கத்தை) கடந்த ஆனி மாதத்தில் அடுத்தடுத்து இரண்டு நாட்கள் பார்க்கக் கிடைத்தது. முதல் நாள் மட்டக்களப்பு நகரத்துப் பாடசாலை ஒன்றிலும், மறுநாள் வாவிக்கு அப்பால் படுவான்கரையில் நான் விஞ்ஞானம் கற்பிக்கும் பாடசாலையிலும் அவர்கள் கூடாரம் அடித்தார்கள். இரண்டு நாளும் அதே கூடாரம், அதே கருவி, அதே ஐந்து பேர். புள்ளி போடச் சொன்னால் முதல் நாளுக்கு ஐந்தில் இரண்டும் இரண்டாம் நாளுக்கு ஐந்தில் நாலரையும் போடுவேன். இடையில் மாறியது ஒன்றுதான். படுவான்கரையில் மின்னழுத்தம் ஏறி இறங்கியதில் அவர்களுடைய ஒலிபெருக்கி பழுதாகிவிட்டது; கொண்டுவந்த படத்தை ஓட்ட முடியாமற் போனபடியால் அவர்களே வாய் திறந்து பேசவேண்டி வந்தது. குறைகளையும் சொல்லப்போவதால் பல்கலைக்கழகத்தின் பெயரை எழுதவில்லை. அழைக்கலாமா என்று என்னிடம் கேட்ட அயற்பாடசாலை ஆசிரியர்களுக்கு அது எதுவென்று தெரியும். அவர்களுக்காகத்தான் முதன்மையாக இதனை எழுதுகிறேன்.

முதலில் அது என்ன பொருள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். காற்றடைத்து நிமிர்த்தும் அரைக்கோளக் கூடாரம் அது. விட்டம் 6 மீற்றர்; உயரம் ஏறத்தாழ 4 மீற்றர். வெளியே கறுப்புத் துணி, உள்ளே சாம்பல் கலந்த வெள்ளை. ஒரு விசிறி ஓயாமல் காற்றை ஊதிக்கொண்டிருக்கும்வரை நிற்கும். விசிறி நின்றால் சில நிமிடங்களில் மெல்ல மெல்லத் தலைக்கு மேல் இறங்கிவிடும். உள்ளே போவதற்குத் துணியாலான ஒரு சுரங்கம் உண்டு. பிள்ளைகள் அதற்குள் குனிந்து ஓடிவிடுகிறார்கள். சேலை கட்டிய ஆசிரியைகள் பட்டபாட்டை விவரிக்காமல் விடுவதே மரியாதை. நடுவில் மீன்கண் வில்லை பொருத்திய புரொஜெக்டர் ஒன்றும் மடிக்கணினி ஒன்றும் இருக்கின்றன. வானத்தைக் காட்டுவதற்கு அவர்கள் பயன்படுத்துவது ஸ்டெல்லேரியம் என்ற மென்பொருள். யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தரவிறக்கிக்கொள்ளக்கூடியது. அப்படியானால் இவர்களிடம் நாம் காசு கொடுத்துப் பெறுவது கூடாரத்தையும் வில்லையையும் அவற்றை இயக்கத் தெரிந்த மனிதர்களையுமே. ஒரு பிள்ளைக்கு 150 ரூபாய் அறவிட்டார்கள். இயலாத பிள்ளைகளைக் கணக்கிலிருந்து விடச் சொன்னபோது மறுபேச்சுப் பேசவில்லை.

இந்த விலையை எதனுடன் ஒப்பிடுவது? கொழும்பிலுள்ள கோள்மண்டலத்துடன்தான். 1965ஆம் ஆண்டுக் கைத்தொழிற் கண்காட்சிக்காகக் கட்டப்பட்ட, பொறியியலாளர் ஏ. என். எஸ். குலசிங்கவின் கைவண்ணமான, தாமரை மலர் வடிவக் கொங்கிரீட் கட்டடம் அது. உள்ளேயிருக்கும் குவிமாடத்தின் விட்டம் 23 மீற்றர். ஐந்நூறுக்கு மேற்பட்டோர் ஒரே நேரத்தில் அமரலாம். கிழக்கு ஜேர்மனியின் சைஸ் நிறுவனம் செய்த புரொஜெக்டர் அங்கே பல தசாப்தங்கள் வானத்தைச் சுழற்றியது. அதன் முன் இந்தத் துணிக்கூடாரம் நிற்குமா என்றால் நிற்காது. ஆனால் மட்டக்களப்பிலிருந்து கொழும்பு 300 கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கிறது. ஒரு வகுப்பை அங்கே கூட்டிச்சென்று திரும்ப ஓர் இரவும் ஒரு பகலும், பஸ் வாடகையும், பெற்றோரின் அனுமதிக் கடிதங்களும், வலயக் கல்வி அலுவலகத்தின் ஒப்புதலும் வேண்டும். எங்கள் பாடசாலையில் அப்படி ஒரு சுற்றுலா கடைசியாக எப்போது போனது என்று கேட்டால் பழைய ஆசிரியர்களே யோசிக்கிறார்கள். ஆகவே வீட்டு வாசலுக்கு வரும் 6 மீற்றர் வானத்தை நான் குறைத்து மதிப்பிடமாட்டேன்.

முதல் நாள் நிகழ்ச்சி இப்படி நடந்தது. ஒவ்வொரு குழுவுக்கும் 40 நிமிடம். முதல் 5 நிமிடம் விரிவுரையாளரின் வரவேற்பு; பிறகு 25 நிமிடப் படம்; எஞ்சிய 10 நிமிடத்தில் இறுதியாண்டு மாணவி ஒருவர் இன்றிரவு வானத்தில் என்ன தெரியும் என்று காட்டுவார். நடைமுறையில் அந்தப் பத்து நிமிடம் ஆறாகவும் நான்காகவும் சுருங்கிவிட்டது. ஏனென்றால் அடுத்த குழு வெளியே வெயிலில் வரிசையாக நின்றது. படம் வெளிநாட்டில் எடுக்கப்பட்டது. ஆங்கில வர்ணனைக்கு மேல் தமிழில் குரல் கொடுத்திருந்தார்கள். குரல் தெளிவானது, மொழிதான் எங்கள் பிள்ளைகளுக்கு அந்நியம். பாடநூலில் ‘ஞாயிற்றுத் தொகுதி’ என்று படித்த பிள்ளைக்கு ‘சூரியக் குடும்பம்’ விளங்காமலா போகும் என்று கேட்கலாம். விளங்கும்தான். ஆனால் ஒவ்வொரு சொல்லையும் மனத்துக்குள் மாற்றிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு, அந்த நேரத்தில் தலைக்கு மேல் போகும் சனியின் வளையம் தவறிவிடுகிறது.

மொழியைவிடப் பெரிய குறை, அந்தப் படத்தின் வானம் நம்முடைய வானம் அன்று. அதில் துருவ நட்சத்திரம் நடுவானத்துக்குக் கிட்ட நின்றது. பிறைச் சந்திரன் அரிவாளை நிமிர்த்திப் பிடித்தாற்போல நின்றது. ஒரு வீட்டின் கூரையில் பனி உறைந்திருக்க, அதன் மேல் வேட்டைக்காரன் விண்மீன் கூட்டம் உதித்தது. கச்சான் காற்று அனலாக வீசும் ஆனி மாதத்தில், வியர்வை வழிய வழிய, எங்கள் பிள்ளைகள் அந்தப் பனியைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்கள். போதாக்குறைக்குப் படம் பழையது. புளூட்டோவை ஒன்பதாவது கோளாகவே எண்ணியது. சர்வதேச வானியல் ஒன்றியம் 2006இலேயே அதைக் குறுங்கோள் என்று வகைமாற்றிவிட்டது. இன்று எந்தப் பாடசாலைப் பிள்ளைக்கும் அது தெரியும். தரம் 8 மாணவன் ஒருவன் இருட்டுக்குள்ளிருந்து “சேர், எட்டுத்தானே?” என்று கேட்டான். விரிவுரையாளர் “கேள்விகள் கடைசியில்” என்றார். கடைசியில் நேரம் இருக்கவில்லை.

நடத்துபவர்களைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். தலைமை தாங்கி வருபவர் ஒரு சிரேஷ்ட விரிவுரையாளர். தன் துறையை நேசிப்பவர், நேர்மையானவர்; பிள்ளைகளுடன் பேசிப் பழக்கமில்லாதவர். அவருடைய வரவேற்புரையில் பல்கலைக்கழகத்தின் பெருமை மூன்று நிமிடமும் வானியலின் பெருமை இரண்டு நிமிடமும் இடம்பெற்றன. ஒரு பிள்ளை கை தூக்கினால் அவர் அதைத் தடங்கலாகவே எடுத்துக்கொள்கிறார். இரண்டாமவர் தொழில்நுட்ப உத்தியோகத்தர். ஐம்பது வயதைத் தாண்டிய சிங்களவர், தமிழை விளங்கிக்கொள்வார், தயங்கித் தயங்கிப் பேசுவார். விசிறி, புரொஜெக்டர், மின்பிறப்பாக்கி, கூடாரத்தின் தையல், ஸிப்பு எல்லாம் அவருடைய பொறுப்பு. மூன்றாமவர் வான் சாரதி. கூடாரம் மடிப்பதில் உத்தியோகத்தருக்கு வலதுகை. மற்ற இருவரும் இறுதியாண்டு மாணவர்கள்: ஒருவர் குருநாகல் பக்கத்து இளைஞர், கணினியை இயக்குபவர், மற்றவர் அம்பாறைக் கரையோரம், அக்கரைப்பற்றுப் பக்கத்துப் பெண். தமிழில் சரளமாகப் பேசக்கூடிய ஒரே ஆள் அந்தப் பெண்தான். ஒரு நாளில் ஒன்பது குழுக்களுக்கும் அவரே பேசுகிறார். முதல் நாள் மாலை அவருடைய தொண்டை கட்டிவிட்டிருந்தது. தமிழ்ப் பிரதேசங்களுக்குச் செல்லும் குழுவில் தமிழ் பேசுபவர் ஒருவரே என்பது, என் கணக்கில், பழைய படத்தைவிடப் பாரதூரமான நிருவாகக் குறை.

மறுநாள் அவர்களுடைய வான் மண்முனைப் பாலத்தின் வழியாகப் படுவான்கரைக்கு வந்தது. 2014இல் அந்தப் பாலம் திறக்கும்வரை அவ்விடத்தில் ‘பாதை’ எனப்படும் மிதவையில்தான் வாவியைக் கடப்போம், இத்தனை பெட்டிகளையும் பாதையில் ஏற்றி இறக்கவேண்டும் என்றால் எந்தப் பல்கலைக்கழகமும் வந்திருக்காது என்று எங்கள் அதிபர் சொன்னார். பிரதான மண்டபத்தின் மேற்குப் பக்க யன்னல்களை எல்லாம் அடைத்த பிறகே கூடாரம் நின்றது. கச்சான் அந்தப் பக்கத்தால் வரும். ஒரு யன்னல் திறந்திருந்தாலும் கூடாரம் கட்டுமரம்போல் ஆடும். காலை எட்டரைக்கு முதற்குழு உள்ளே போய்ப் படம் தொடங்கிய சில நிமிடங்களில் ஒலிபெருக்கி ஒரு முறை உறுமி அடங்கிவிட்டது. எரிந்த மணம் வந்தது. தொழில்நுட்ப உத்தியோகத்தர் அதைத் திறந்து பார்த்து, மூடி, ஓரமாக வைத்தார். விரிவுரையாளர் நிகழ்ச்சியை ஒத்திவைக்கலாமா என்று அதிபரிடம் கேட்டார். அப்போது அந்த மாணவி, “சேர், நான் பேசுறன், நாற்பது நிமிசமும் பேசுறன்” என்றார். விரிவுரையாளர் ஒரு கணம் யோசித்துத் தலையசைத்தார். அந்தத் தலையசைப்புக்காக அவருக்கு நான் அரைப் புள்ளி கூட்டியிருக்கிறேன்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் எல்லோருக்கும் சொல்லவேண்டும் என்று நினைக்கிறேன். அந்த மாணவி கணினி இயக்கும் இளைஞரிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். மண்டபத்தைச் சுற்றியுள்ள வயலும் பனையும் அல்ல, வெறும் தொடுவானம் மட்டும் கூடாரத்தின் விளிம்பில் தெரிந்தது. “பிள்ளைகள், இது உங்கட பாடசாலை. சூரியன் எந்தப் பக்கத்தால வரும், எந்தப் பக்கத்தால போகும்? கையைக் காட்டுங்க பாப்பம்” என்றார். பாதிப்பேர் ஒரு பக்கமும் பாதிப்பேர் மறுபக்கமும் காட்டினார்கள். இருட்டுக்குள் திசை தடுமாறுவது இயல்பு. ஒரு சிறுமி மட்டும், “அக்கா, நாங்க இருக்கிறது படுவான்கரை. சூரியன் படுறது எங்கட பக்கம். எழுவான்கரை வாவிக்கு அங்கால” என்றாள். அக்கரைப்பற்றுக்காரிக்கு அந்தப் பெயர்கள் தெரியாமல் இராது, ஆனாலும் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்பவர்போல நின்று, “அப்ப உங்கட ஊருக்குப் பேர் வச்சதே வானத்தைப் பார்த்துத்தானே!” என்றார். அந்த ஒரு வசனத்தோடு நாற்பது பிள்ளைகளும் அவர் பக்கம் வந்துவிட்டார்கள். வாவியின் இரு கரைகளுக்கும் சூரியன் எழுவதையும் படுவதையும் வைத்துப் பெயரிட்ட ஊரில், பனிக்கூரையைக் காட்டி வானியல் தொடங்குவது எவ்வளவு பெரிய வீண் என்பது எனக்கும் அப்போதுதான் முழுதாக உறைத்தது.

பிறகு இரவு எட்டு மணி வானத்தைக் கொண்டுவந்தார்கள். துருவ நட்சத்திரத்தைத் தேடச் சொன்னார். துருவன் கதையில் எல்லோருக்கும் மேலே நிலையாக இருக்கும் நட்சத்திரமல்லவா, பிள்ளைகள் உச்சியில் தேடினார்கள். அது வடக்கே தொடுவானத்திலிருந்து சுமார் 8 பாகை உயரத்தில், நீட்டிய கையின் முட்டியளவுகூட மேலெழாமல், மங்கலாகக் கிடந்தது. “நாங்க மத்திய கோட்டுக்குக் கிட்ட இருக்கிறம். எத்தனையாவது அகலக்கோட்டில இருக்கிறமோ அத்தனை பாகையிலதான் அது தெரியும்” என்று சொல்லி, இளைஞரைக் கொண்டு கூடாரத்துக்குள்ளேயே எங்களை வடக்கு நோக்கி நகர்த்தினார்; துருவ மீன் மெல்ல மெல்ல ஏறியது. திரும்பத் தெற்கு நோக்கிக் கொண்டுவந்தபோது அது இறங்கி, மத்திய கோட்டில் தொடுவானத்தைத் தொட்டது. க.பொ.த. சாதாரண தர மாணவர்களுக்குப் பூகோள உருண்டையை வைத்து நான் மூன்று பாடவேளை செலவழிக்கும் விடயம் அது. இரண்டு நிமிடத்தில் முடிந்தது. ஒரு சிறு பொறாமை வந்ததை மறைக்கமாட்டேன்.

தெற்கே தென்சிலுவையைக் காட்டினார். வாகரைக்கோ கல்லடிக்கோ போனால் தெற்கே, அடிவானத்திலிருந்து இருபது பாகைக்குக் கொஞ்சம் மேலே, ஆனி மாத முன்னிரவில் அதைக் காணலாம் என்றார். ஐரோப்பாவில் இருப்பவர்கள் தங்கள் ஊரில் நின்று அதைக் காண முடியாது என்றபோது ஒரு பையன் “அப்ப அவங்க பாவம்” என்றான். உச்சிக்குக் கிட்ட நின்ற சுவாதியையும், அதற்குத் தெற்கே சித்திரையையும், கிழக்கே ஏறிவரும் தேளின் நெஞ்சில் சிவந்திருக்கும் கேட்டையையும் ஒவ்வொன்றாகச் சுட்டினார். பிள்ளைகளில் பலருக்குத் தத்தமது பிறந்த நட்சத்திரத்தின் பெயர் தெரியும். அந்தப் பெயருக்கு உரியது வானத்தில் உண்மையாகவே இருக்கிறது, விரல் நீட்டிக் காட்டலாம் என்பது தெரியாது. “என்ட நட்சத்திரம் கேட்டை” என்று ஒரு பிள்ளை எழுந்து நின்றுவிட்டது. கேட்டையின் ஒளி நம்மை வந்தடைய 500 ஆண்டுகளுக்கு மேல் பிடிக்கிறது என்பதை அவர் சொன்ன விதத்தை அப்படியே எழுதுகிறேன்: “மட்டக்களப்புக் கோட்டையைப் போத்துக்கீசர் கட்டினது 1628இல. இண்டைக்கு ராவு நீங்க பாக்கப்போற வெளிச்சம், அந்தக் கோட்டைக்கு முதற்கல்லு வைக்க முந்தியே அங்க இருந்து வெளிக்கிட்டது.” ஒளியாண்டு என்ற சொல்லை அவர் அதற்குப் பிறகுதான் உச்சரித்தார். ஆசிரியர்களாகிய நாங்கள் பெரும்பாலும் வரைவிலக்கணத்தை முதலில் எழுதிவிட்டு உதாரணத்துக்கு நேரமில்லாமல் மணியடிப்பவர்கள்.

காலத்தை மாசி மாதத்துக்கு நகர்த்தி, தெற்கே 30 பாகை உயரத்தில் நிற்கும் அகத்தியரைக் காட்டினார். இரவு வானத்து விண்மீன்களில் சிரியசுக்கு அடுத்த பிரகாசம் அதற்குத்தான். பிறகு பிறையைக் காட்டினார். கூடாரத்தின் மேற்கு விளிம்பில் அது தோணியைப்போல் மல்லாந்து கிடந்தது. “புத்தகத்தில வேற மாதிரிக் கீறியிருக்கும். நோன்புக்குத் தலைப்பிறை பாக்க எங்கட வாப்பா கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போவார், எங்கட ஊர்ப் பிறை எப்பவும் இப்படித் தோணிமாதிரித்தான்” என்றார். மத்திய கோட்டுக்கு அண்மையில் சூரியன் ஏறத்தாழ நெட்டாக இறங்குவதால், அதற்கு மேலே நிற்கும் பிறையின் ஒளிபட்ட பக்கம் கீழ்நோக்கி அமைகிறது என்பதே காரணம். அதையும் கையில் ஒரு தோடம்பழத்தையும் கைவிளக்கையும் வைத்து விளக்கினார். முதல் நாள் படத்தில் அரிவாளாக நின்ற அதே பிறை.

அவருடைய திறமை எனக்கு முழுமையாகப் புலப்பட்டது மூன்றாவது குழுவின்போது. தரம் 9 மாணவி ஒருத்தி, “அக்கா, சுனாமி வந்த அண்டு பூரணை. சந்திரன்தான் கடலை இழுத்ததெண்டு அம்மம்மா சொல்லுவா. உண்மையா?” என்று கேட்டாள். அவளுடைய அம்மம்மா நாவலடிக் கடற்கரைக் கிராமத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர் என்பது எனக்குத் தெரியும், பேச்சாளருக்குத் தெரியாது. 2004 டிசெம்பர் 26 பூரணை தினம் என்பது சரி. இதற்கு ‘மூடநம்பிக்கை’ என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிட்டு நகர்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இவர் அப்படிச் செய்யவில்லை. “உங்கட அம்மம்மா சொல்றதில ஒரு பாதி சரி. சந்திரன் கடலை இழுக்கிறது உண்மை, பூரணைக்கும் அமாவாசைக்கும் கொஞ்சம் கூட இழுக்கும்” என்று தொடங்கினார். நமது கரையில் அந்த ஏற்றவிறக்கம் ஒரு மீற்றருக்கும் குறைவு என்றும், அதுவும் சில மணித்தியாலங்களில் மெதுவாக வந்து போவது என்றும் விளக்கினார். சுமாத்திராவுக்கு அருகே கடலடியில் நிலம் பிளந்து நீரை மேலே தூக்கியது, அந்த அலை ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்தில் நம்மிடம் வந்தது, அன்றைக்கு அமாவாசையாகவோ அட்டமியாகவோ இருந்திருந்தாலும் அது வந்தேயிருக்கும் என்றார். பிறகு குரலைத் தணித்து, “அம்மம்மாவிட்ட சண்டை பிடிக்கவேணாம். சந்திரனில கோவம் இருந்தா இருக்கட்டும். உங்களுக்கு விளங்கினாச் சரி” என்றார். கூடாரத்துக்குள் விசிறியின் சத்தம் மட்டும் கேட்டது. அம்பாறைக் கரையோரம் பிறந்தவருக்கும் சுனாமி பாடநூல் விடயம் அல்லவே.

எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும் என்ற நோயும் அவரிடம் இல்லை. கல்லடிப் பாலத்தடியில் பூரணை இரவில் மீன் பாடுவது ஏன் என்று ஒருவன் கேட்டான். “அது எனக்குத் தெரியாது. மீனைப் படிச்ச ஆக்கள்ட்டக் கேளுங்க, நான் வெள்ளியளைத்தான் படிச்சது” என்று சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். விரிவுரையாளர் அன்று நாள் முழுவதும் கூடாரத்தின் ஓரத்தில் பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் அமர்ந்திருந்தார். மதியத்தில் என்னிடம், நேரடிப் பகுதியை இதுவரை நேரம் நிரப்புவதற்கான பகுதியாகவே திட்டமிட்டு வந்ததாகவும், கூடாரத்துக்கு நிதி கொடுத்தவர்கள் ‘படக்காட்சி’ என்றே அறிக்கை கேட்பதாகவும் சொன்னார். அவர் நேர்மையானவர் என்று முன்பே எழுதினேன். ஆனால் ஒரு குழு தன்னிடமுள்ள மிகச் சிறந்ததை நிரப்புப் பொருளாகக் கருதிக்கொண்டு ஊர் ஊராகத் திரிவது வருத்தத்துக்குரியது. 1923 ஒக்டோபரில் மியூனிக் நகர அருங்காட்சியகத்தில் சைஸ் நிறுவனத்தின் வால்தர் பவர்ஸ்பெல்ட் உருவாக்கிய முதற் புரொஜெக்டர் காட்டப்பட்ட காலத்தில், குவிமாடத்துக்குள் ஒரு மனிதர் நின்று விண்மீன்களைச் சுட்டிப் பேசுவதுதான் கோள்மண்டலம். ஒலிபெருக்கி எரிந்த தயவில் படுவான்கரைக்குக் கிடைத்ததும் அதுதான்.

தொழில்நுட்ப உத்தியோகத்தரை மறந்துவிடக்கூடாது. நண்பகலில் கூடாரத்துக்குள் வெப்பம் தாங்காமல் அரை மணித்தியாலம் நிகழ்ச்சியை நிறுத்தினார்கள். அந்த இடைவேளையில் அவர் எங்கள் சுத்திகரிப்புத் தொழிலாளியிடம் ஒரு தும்புத்தடிக் கம்பை வாங்கி, நிலத்துக்கு மேல் சரியாக ஒரு மீற்றர் தெரியும்படி மைதானத்தில் நட்டார். சுற்றி நின்ற பிள்ளைகளிடம் அரைகுறைத் தமிழில் “நிழல் எந்தப் பக்கம்?” என்று கேட்டார். பன்னிரண்டு மணி கடந்து நான்கு நிமிடமளவில் நிழல் மிகக் குறுகியது. 28 சதமமீற்றர், தெற்கு நோக்கி. மார்கழியில் இதே கம்பின் நிழல் வடக்கே விழும், சித்திரைப் புத்தாண்டுக்குச் சில நாட்கள் முன் ஒரு நண்பகலில் நிழலே இருக்காது என்பதை மாணவி மொழிபெயர்த்துச் சொன்னார். இந்தச் செய்முறை அவர்களுடைய நிகழ்ச்சி நிரலில் எங்குமே இல்லை. கம்புக்குக் காசும் இல்லை.

மற்றக் குறைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கூடாரம் 30 பிள்ளைகளுக்கு வசதியானது. அவர்கள் 40 பேரை ஏற்றுகிறார்கள். துணிச் சுரங்கத்தின் வழியே சக்கர நாற்காலி போகாது. எங்கள் மாணவன் ஒருவனைச் சாரதியும் உத்தியோகத்தரும் பக்கவாட்டு ஸிப்பைத் திறந்து தூக்கிச் சென்றார்கள். அவர்கள் முகம் சுளிக்கவில்லை, ஆனால் திறந்த நேரத்தில் கூடாரம் பாதி அமிழ்ந்து எல்லோரும் காத்திருக்க வேண்டியதாயிற்று; அந்தப் பிள்ளைக்கு அது கூச்சமாக இருந்தது. முதலிலேயே கேட்டறிந்து அவனை முதலாவதாக உள்ளே அமர்த்தியிருக்கலாம். வழங்கிய துண்டுப்பிரசுரம் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் மட்டுமே இருந்தது. முதல் நாள் ஒன்றரை மணித்தியாலம் தாமதமாக வந்தார்கள்; இரண்டாம் நாள் சொன்ன நேரத்துக்கு வந்தார்கள்.

தமிழ் பேசும் பேச்சாளர் ஒருவரே என்ற குறைக்குத் தீர்வு தூரத்தில் இல்லை. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான பீடம் இருக்கிறது. சம்மாந்துறையில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் இருக்கிறது. அங்கே பௌதிகவியல் படிக்கும் பிள்ளைகளில் நான்கைந்து பேருக்கு ஒரு வார இறுதியில் பயிற்சி கொடுத்தால், கூடாரம் கிழக்கே வரும் நாட்களில் அவர்களே முறைவைத்துப் பேசிக்கொள்வார்கள். ஒருவருடைய தொண்டை கட்டினால் மற்றவர் இருப்பார். இதை விரிவுரையாளரிடம் சொன்னபோது குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். அந்த மாணவி இந்த ஆண்டு இறுதியில் பட்டம் பெற்று வெளியேறுகிறார் என்பதையும் அவரே சொன்னார். ஆகவே அடுத்த ஆண்டு இக்குழுவை அழைப்பவர்களுக்கு நான் கண்ட இரண்டாம் நாள் கிடைக்குமா, முதல் நாள் கிடைக்குமா என்பது இந்தக் குறிப்பேட்டைப் பொறுத்தது.

அழைக்க விரும்புபவர்கள் வலயக் கல்வி அலுவலகத்தின் ஊடாக, இரண்டு மாதம் முன்னதாக, அதிபரின் கடிதத்துடன் விண்ணப்பிக்கவேண்டும். மாரி காலத்தைத் தவிருங்கள். வைகாசி, ஆனியிலும் காலை எட்டு முதல் பதினொன்றரை வரையும், பின்னர் மூன்று மணிக்குப் பிறகும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குழுவில் 30 பேருக்கு மேல் விடாதீர்கள். மண்டபத்தின் மின்னழுத்தத்தை முதல் நாளே மின்வினைஞர் ஒருவரைக் கொண்டு பார்த்துவையுங்கள், அல்லது எங்களைப்போலப் பார்க்காமலே விட்டுவிடுங்கள். விண்ணப்பப் படிவத்தில் ‘திரையிட விரும்பும் படம்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. எங்கள் அதிபர் அடுத்த தவணைக்கான படிவத்தில் அந்தக் கட்டத்துக்குள் “படம் வேண்டாம், அந்தப் பிள்ளை பேசட்டும்” என்று எழுதிக் கையெழுத்து வைத்திருக்கிறார்.